இரண்டு நூல் கூடுதல்

தெருவில் அவளுக்குப் பித்தளை அக்கா என்று பெயர். குழாய்த் தொழிற்சாலையில் வார்ப்பு வேலை பார்த்தவள். அதை இழுத்து மூடியதும் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் சொந்தமாக உலை போட்டுக்கொண்டாள். கதவுக் கைப்பிடியோ அலமாரிக் கொண்டியோ உடைந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அச்சு அசலாக இன்னொன்று வார்த்துக் கொடுப்பாள். கை நல்ல கை. வாயும் சளைத்ததில்லை.

அந்த வாய்க்கு ஈடு கொடுக்க வீட்டில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவளுடைய மாமனார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கல்யாணமான புதிதில், "மருமக வந்திருக்கான்னு நெனச்சேன், பட்டறையே வந்திருக்கு" என்றார் அவர். "பட்டறைன்னா சத்தம் இருக்கத்தான் செய்யும் மாமா, காதைப் பொத்திக்கோங்க" என்றாள் இவள். அன்றைக்குப் பிடித்த சண்டை, இன்னும் யாரும் ஜெயித்தபாடில்லை. இவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்றே புருஷன் லாரி ஓட்டப் போனான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

பெரியவரிடம் ஒரு பழைய துப்பாக்கி இருந்தது. குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற ரகம். அடுத்த வெடிக்குள் ஒரு டீயே குடித்துவிடலாம். வாராவாரம் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போய்க் காகித வட்டத்தில் ஓட்டை போட்டுவிட்டு வருவார். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு அவர் படியிறங்குவது அதற்காக மட்டும்தான்.

ஒருநாள் விசையைச் சுற்றியிருக்கும் பித்தளைக் காப்பை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து பட்டறை மேசையில் போட்டார்.

"கீழ விழுந்து ஒடஞ்சுபோச்சு. பழசு மாதிரியே வேணும். ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

துண்டுகளைத் திருப்பிப் பார்த்தாள். கீழே விழுந்தது உள்ளே நசுங்கும். இது உள்ளிருந்து வெளியே விரிந்து பிளந்திருந்தது, நெம்பின தழும்போடு. நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி, எல்லா விரல்களிலும் கணு வாதத்தில் வீங்கியிருந்தது. விரல் மாட்டிக்கொண்டிருக்கிறது, மனுஷர் ஸ்பேனரைக் கொடுத்து நெம்பியிருக்கிறார். கூப்பிடுகிற தூரத்தில் ஒருத்தி இருக்கிறாளே, ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

கேட்டபடி செய்து கொடுத்தால் விரல் நுழையாது. துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் எழுந்திருக்கமாட்டார். அதுதான் அவளுக்குப் பயம். அகலமாகச் செய்தாலோ, இரக்கப்பட்டாள் என்று தெரிந்துபோகும். பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்ததற்காக அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வந்த மனுஷர் அவர்.

பழைய துண்டையே மணலில் பதித்து வார்த்தால் பித்தளை ஆறும்போது சுருங்கிச் சின்னதாகிவிடும். அதனால் கொஞ்சம் கூட்டி மரத்தில் புது அச்சு செதுக்குவாள். இந்தத் தடவை சுருக்கத்துக்கு உண்டானதைக் கூட்டியபிறகு, விரல் போகும் வளைவை மட்டும் இன்னும் இரண்டு நூல் பெரிதாக்கினாள், அதாவது கால் அங்குலம். முன்னும் பின்னும் கட்டையில் பதிகிற வால்களைத் தொடவில்லை. கேட்டால் சொல்லப் பதிலும் தயார்: சுருங்கும் என்று கூட்டிவைத்தேன், இந்தப் பித்தளை சுருங்கவில்லை. உருக்கி, ஊற்றி, மணலை உடைத்து, அரம் போட்டு, உப்பும் வினிகரும் தடவிப் புதுப் பளபளப்பைக் கெடுத்து, துப்பாக்கியில் பூட்டினாள். வால்கள் பழைய பள்ளத்தில் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன.

பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை நுழைத்தார். வழுக்கிக்கொண்டு போனது.

அளவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. விரலைத்தான் பார்த்தார். "பாத்தியா! தடவின மருந்து கேட்டிருக்கு. வீக்கம் வத்திப்போச்சு!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். ஆசையாகச் சிரிக்கிறவரிடம் என்ன சொல்வது? தயாராக வைத்திருந்த பொய்யை அவள் விழுங்கிவிட்டாள்.

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் கல்யாண மோதிரம் இருந்தது. மாமியார் போட்டுவிட்டது. "ஒங்க அத்தை போனதுலேருந்தே விரல் வீங்கி இதைப் போட முடியல. இன்னைக்குப் போட்டுக்கிட்டுத்தான் சங்கத்துக்குப் போறேன்."

மோதிரம் மோதிரவிரலின் கணுவரைக்கும் போய் நின்றது. எச்சில் தொட்டுத் திருகினார். சோப்பு கேட்டு வாங்கித் தேய்த்தார். நுழையவில்லை.

"சுருங்கும்னு கூட்டி வச்சேன் மாமா," என்றாள் அவள், நேரம் கெட்ட நேரத்தில். "இந்தப் பித்தளை சுருங்கவே இல்ல..."

அவர் துப்பாக்கியை மடியில் வைத்து, காப்பின் வால்களை நகத்தால் தடவினார்.

"வால் ரெண்டும் அளவாச் சுருங்கியிருக்கு. நடுவுல மட்டும் சுருங்கலையாக்கும்?"

துப்பாக்கியைச் சுவரில் மாட்டத்தான் போகிறார், நல்லது செய்கிறேன் என்று நானே உட்காரவைத்துவிட்டேன் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

"எவ்வளவு கூட்டினே?"

"ரெண்டு நூல்."

சோப்பு நுரையோடு மோதிரத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார். "இதையும் அறுத்து, அதே ரெண்டு நூலுக்கு ஒரு துண்டு வச்சு ஒட்டிக் குடு."

"எங்கிட்டப் பித்தளைதான் இருக்கு மாமா. தங்கத்துக்கு நடுவுல பளிச்சுன்னு தெரியும்."

"தெரியட்டும்," என்றார் அவர்.