பனியன் துணியில் வடிகட்டிய சவ்வு

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். சாயத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. தொழிலாளர் ஹாஸ்டலின் சாப்பாட்டுக் கழிவையும் சாணத்தையும் கரைத்து எரிவாயு எடுக்க முதலாளி ஒரு தொட்டி கட்டியிருந்தார். அந்த வாயு அடுப்புக்கு ஆகும், பாய்லருக்குப் போதாது. எரிகிற மீத்தேனோடு எரியாத கார்பன் டை ஆக்சைடும் நிறையக் கலந்திருக்கும். அதைப் பிரித்துக் கொடுக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

நான் முனைவர் பட்டம் வாங்கியதே அதில்தான். பாலிமர் கரைசலில் கார்பன் நானோகுழாய்கள் எனும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கரிக் குழாய்களைக் கலந்து, கண்ணாடிமேல் ஊற்றி, மெல்லிய சவ்வாக இழுத்துக் காயவைக்க வேண்டும். வாயுவை அதன்மேல் அழுத்தினால் கார்பன் டை ஆக்சைடு சவ்வைத் தாண்டிப் போய்விடும், மீத்தேன் இந்தப் பக்கமே தங்கும். குழாய்கள் தனித்தனியாகப் பரவினால் வேலை வேகமாக நடக்கும் என்று என் ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். பட்டறையில் அவை பரவவில்லை. பஞ்சுத் தூசி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியைச் சுற்றி இடைவெளி விழும், அது வழியாக எல்லா வாயுவும் ஒழுகிவிடும். முதல் வருடம் முழுக்க என் சவ்வுகள் ஒழுகின.

உதவிக்கு ஒரு பெண்ணைத் துணி செக்கிங் பிரிவிலிருந்து நானே கேட்டு வாங்கினேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கணவரோடு பிழைக்க வந்தவர். துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கரைசலைப் பரப்பும் கத்தியைக் கண்ணாடிமேல் இழுக்கும்போது அந்தக் கை ஒரு முறைகூட நடுங்கி நான் பார்த்ததில்லை. என்ன செய்தாலும் தேதி போட்டு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். பக்கத்தின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்குவார். பத்தாம் வகுப்போடு நிறுத்தியவருக்கு அந்த நோட்டு பெருமையான பொருள். அதை நான் திறந்து பார்ப்பதேயில்லை.

ஒரு நாள் அவர் இழுத்த சவ்வு ஒழுகவில்லை. மீட்டரில் நான் காத்திருந்த பிரிப்பு வந்தது. சவ்வு வழக்கமான கருப்பாக இல்லாமல் வெளுத்து, சாம்பல் நிறத்தில் இருந்தது. குழாய்கள் நன்றாகப் பரவியதால்தான் அப்படி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

முதலாளி துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களை அழைத்து வந்தார். அன்றைக்கு அந்தப் பெண்ணை ஸ்டோர் ரூமில் இருக்கச் சொன்னேன். யூனிஃபார்ம் நைந்துபோயிருக்கிறது, போட்டோ எடுத்தால் நன்றாக இருக்காது என்றேன். “சரி மேடம்” என்று போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரம் நான் ஆங்கிலத்தில் பேசினேன். கை தட்டினார்கள்.

அடுத்து இழுத்த சவ்வுகள் எல்லாம் மறுபடி ஒழுகின. வேறு வழி தெரியாமல் நோட்டைத் திறந்தேன். அந்த நாளுக்குரிய பக்கத்தில் உருண்டை எழுத்தில் இருந்தது: “பாட்டில் அடியில் கட்டி நிறைய. பனியன் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி ஊற்றினேன். மேடத்திடம் சொல்ல வேண்டும்.”

படித்ததும் புரிந்துவிட்டது. கட்டியான குழாய்கள் துணியிலேயே நின்றுவிட்டன. மீட்டரில் நான் பார்த்தது வெறும் பாலிமரின் வேலை. குழாயே போடாமல் ஒரு சவ்வு இழுத்துச் சோதித்தேன். அதே அளவு வந்தது. நான் வருடக் கணக்காகக் கட்டியெழுப்பியதில் குழாய்க்குப் பங்கே இல்லை.

அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். குழாய் தேவையில்லை என்றால் நானும் தேவையில்லை; முதலாளியிடம் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவர் சவ்வு இழுக்கும் பெரிய இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

கடைசியில் எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தும் பழக்கம் அவருக்கு இல்லை.

“ஏனுங்க மேடம், ஒருக்கா வந்தது மறுக்கா ஏனுங்க வரமாட்டீங்குது?”

அந்தப் பெண்ணே முந்திக்கொண்டு பேசினார். “சார், அன்னைக்குக் கட்டி கெடந்துச்சுன்னு துணியில வடிகட்டி ஊத்துனேன். அதனால இருக்குமோன்னு தோணுது.”

முதலாளி என்னைப் பார்த்தார். “வடிகட்டினா என்னங்க ஆகும்?”

“குழாயெல்லாம் துணியிலயே நின்னுக்குமுங்க. அப்புறம் அது நம்ம சவ்வே இல்லீங்க.” அங்கேயே நிறுத்தியிருக்கலாம். “இவங்க இதை எங்கிட்டச் சொல்லவே இல்லீங்க” என்றும் சேர்த்தேன்.

“நோட்டுல எழுதியிருக்கேன்லா மேடம்!” என்றவர் ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்தார். மேசைமேல் வைத்துப் புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். தையலோரத்தில் கிழிந்த விளிம்பைக் கண்டதும் அவர் விரல் அங்கேயே நின்றது.

“கிழிஞ்சிருக்கு சார்.”

“நோட்டு உங்க கைலதானம்மா இருக்குது?”

அவர் விளிம்பிலிருந்து விரலை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான்தான் கிழித்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

“போயிட்டு வாங்கம்மா. நாளையிலிருந்து வரவேண்டாமுங்க” என்றார் முதலாளி, விருந்தாளியை அனுப்புகிற தொனியில். கேட்டில் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கினார்கள். காலியாக இருந்த கம்பெனி வேன் கிளம்பத் தயாராக நின்றது. டிரைவர் ஏற்றவில்லை. சாப்பாட்டுக் கூடையோடு அவர் வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மனதில் அப்போது இருந்தது நிம்மதிதான். வேறெதையாவது சேர்த்துச் சொன்னால் பொய்யாகிவிடும்.

முதலாளி ஆர்டரை ரத்து செய்தார், என்னைக் குறை சொல்லவில்லை. “ஆளு சரியில்லாம போச்சுங்க” என்று எனக்காக வருத்தப்பட்டார். அடுத்த வருடம் கல்லூரி வேலைக்கு அவரே பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்.

சென்ற ஆண்டு திருப்பூரில், ஒரு லைன் வீட்டு வாசலில் பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அடையாளம் கண்டு நான்தான் நின்றேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கத்தரிக்கோல் நிற்கவில்லை. கம்பெனி வேலை எங்கேயும் நிலைக்கவில்லையாம். ரெக்கார்டைக் கிழித்தவர் என்ற பேச்சு அவருக்கு முன்பே கம்பெனி கேட்டுக்குப் போய்விடுகிறது. கணவர் குடித்தால் அதையேதான் சொல்லிக்காட்டுகிறார்.

என் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை பார்த்துத் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்.

“வேலைக்கு வேண்டாம் மேடம். ஒரு தாள் எழுதித் தாங்க. அந்தப் பக்கத்த நான் கிழிக்கலன்னு. வீட்டுல அவிய கிட்டக் காட்டணும்.”

எழுதித் தருகிறேன் என்று சொல்லி என் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வாரம் இரண்டு முறை கூப்பிட்டார். அடுத்த வாரம் ஒரு முறை. கையெழுத்துப் போட்ட அப்படி ஒரு தாள் என் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தபடி, அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு முறையும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை.