வெள்ளிக்கிழமை வாங்கிய கார்டு

மகள் கொடுத்த தாளில் எட்டு வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் கம்ப்யூட்டரின் ஒரு பாகத்துக்கு ஆங்கிலத்தில் பெயர். நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் என்பதால், ஓரத்தில் தமிழிலும் குறித்திருந்தாள். கடைசி வரியில் மட்டும் இரண்டு பெயர்கள். திரையில் படம் காட்டுவதற்கான கார்டு அது.

"ரெண்டுல ஒண்ணுதான்பா வாங்கணும். கடையில எது இருக்குன்னு பாத்துட்டு போன் பண்ணுங்க, நான் சொல்றேன்" என்றாள்.

அவள் டுரியான் துங்கால் பக்கம் ஒரு கல்லூரியில் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆண்டு. இரண்டு நிமிடப் படம் ஒன்று செய்து காட்டவேண்டும். எங்கள் ஊர் மெர்லிமாவில் சாயங்காலம் மின்கம்பிகளில் வந்து அடையும் குருவிகள், ஒரே சமயத்தில் எழும்பிப் பறப்பதுதான் படம். "நூத்துக்கணக்குல எழும்பும்பா, வானமே தெரியாது" என்று கைகளை விரித்துக் காட்டினாள். அவளுடைய பழைய லேப்டாப் அதற்குத் தாங்காது. கட்டி முடித்து விற்கும் கம்ப்யூட்டர் எங்கள் சக்திக்கு மேல். பாகங்களாக வாங்கி அவளே பூட்டிக்கொண்டால் கட்டுப்படியாகும்.

முதலில், சனிக்கிழமை நானும் மகளும் சேர்ந்து கடைக்குப் போவதாகத்தான் பேச்சு. என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"சனிக்கிழமை இரும்பு வாங்கி வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது."

"அது இரும்பு இல்லம்மா, அலுமினியம்."

"அலுமினியம் இரும்புக்குத் தங்கச்சிதான்."

"அப்ப சனிக்கிழமை காரையும் ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வாங்க லா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. மற்ற நாட்களில் அவளுக்கு வகுப்பு. நான் வெள்ளிக்கிழமை, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போய்வருவதாகச் சொன்னேன். சண்டையைத் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கடை பாச்சாங்கில் இருந்தது. பத்து மணிக்குத் திறந்தார்கள். பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் பணம் கட்டிவிடு என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். கடைக்காரர் தாளைப் பார்த்து ஏழு பெட்டிகளை மளமளவென்று எடுத்து வைத்தார். கார்டு இரண்டுமே அவரிடம் இருந்தன. ஒன்று பழைய மாடல், மெமரி எட்டு ஜி.பி. இன்னொன்று புதியது, மெமரி நாலு, மேலே விளக்கு எரியும். விலையில் பெரிய வித்தியாசமில்லை.

மகளுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. வகுப்பில் இருந்தாள்.

எது வேண்டும் என்று கடைக்காரர் மலாயில் கேட்டார். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "சாமா சாஜா, அங்கிள்" என்றார். இரண்டும் ஒன்றுதானாம். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். விளக்கு எரிவதைக் கைகாட்டினேன்.

ராகு காலத்துக்குப் பயந்து அவசரப்பட்டதாக வீட்டில் சொன்னேன். வெகுநாள் நானே அதை நம்பினேன். உண்மை வேறு. பின்னால் ஆட்கள் நிற்க, ஒன்றும் தெரியாதவனாக ஒரு கடையில் நின்றுகொண்டிருக்க எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் கார்டை வாங்கியது.

பெட்டிகளைக் காரில் அடுக்கும்போது அவள் கூப்பிட்டாள்.

"எதுப்பா வாங்குனீங்க?"

"புதுசு. லைட்டெல்லாம் எரியுமாம்."

"நாலா, எட்டா?"

"நாலு. மாத்தணுமாம்மா?"

"பில் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"பரவால்ல லா, அப்பா. ஓட்டிக்கலாம்."

பில் போட்டாச்சா என்று அவள் கேட்டதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கடை இருபதடி தூரத்தில் இருந்தது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. மறுபடி உள்ளே போய், தப்பாக வாங்கிவிட்டேன் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். நான் காரை எடுத்தேன்.

மறுநாள் அவளே எல்லாவற்றையும் பூட்டினாள். மனைவி சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிந்ததைப் பக்கத்து வீட்டார் வந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம் அவள் அசையாத திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். "குருவி எண்ணிக்கை கூடக்கூட கம்ப்யூட்டர் நின்னுடுதுப்பா. மெமரி பத்தல" என்றாள். குற்றம் சொல்லும் குரலில்லை. பிறகு குருவிகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள்.

கல்லூரி மண்டபத்தில் படம் போட்டார்கள். எங்கள் ஊர் வானம், எங்கள் ஊர்க் கம்பி, சாயங்கால வெளிச்சம்கூட அப்படியே இருந்தது. குருவிகள் எழும்பின. ஒன்பது. அவற்றுக்குப் பின்னால் வானம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. கைதட்டினார்கள். விரிவுரையாளர் அழகாயிருக்கிறது என்று சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம், மகளிடம் சொல்ல ஒரு வாக்கியத்தை மனதில் கட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நான் கடைக்குள் திரும்பிப் போயிருக்கவேண்டும் அம்மா. வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எத்தன குருவின்னு யாரும் எண்ண மாட்டாங்கப்பா."

நான் எண்ணியிருந்தேன். அதையும் சொல்லாமல் வண்டியை ஓட்டினேன்.