துண்டுக்குள் முடிந்த விலை

என் அறைக் கதவு முழுதாகத் திறப்பதில்லை. அதன் பின்னால் ஒரு இரும்புக் கம்பி சாய்ந்து நிற்கிறது. நீளம் என் கையால் மூன்று சாணும் நாலு விரலும். இரண்டு இடத்தில் வளைவு, முனையில் ஒரு குறுக்கு ஊசி. பழைய காலத்துக் கார்களின் மூக்கில் நுழைத்துச் சுழற்றி எஞ்சினை எழுப்புகிற ஹேண்டில் அது. வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறேன். “பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுரவாப்பா?” என்று மகன் இதுவரை ஏழு தடவை கேட்டுவிட்டான். போட முடியாது. அது என்னுடையது அல்ல. யாருடையதோ அவரிடம் கொடுக்கவும் இனி வழியில்லை.

அந்த ஹேண்டில் என் அத்தானின் காரைச் சேர்ந்தது. அத்தான், அதாவது என் அக்காளின் கணவர், வடசேரியில் பட்டறை வைத்து நெல்குத்து மில்களின் எஞ்சின்களைப் பழுதுபார்த்து வந்தார். யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன சீமைக் கார் ஒன்றைப் பார்த்தார். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரியடுப்பு வைத்து ஓட்டி, அதற்கும் மேல் ஓடாமல் கொட்டகையில் கிடந்த வண்டி. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இரண்டு மாடு பூட்டி இழுத்துத்தான் அதை வடசேரிக்குக் கொண்டுவந்தார். மூன்று வருஷம் அதோடு கிடந்தார். அடித்தளத்துக்கு அயினி மரப் பலகை. சீட்டுக்குள் தென்னை நார். பச்சை வர்ணம் பூசி, கடியப்பட்டணத்திலிருந்து கணவாய் மீனின் ஓடு வரவழைத்துப் பொடித்து, ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார். அவர் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப முடுக்கிய மரையாணிகள் இருநூற்றுப் பதினாலு. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவன் நான். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது.

வண்டி ஓடத் தொடங்கியதும் கல்யாணத்துக்கும், திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்குக் கேட்டு ஆள் வந்தது. அக்காளுக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஒழுகினசேரி ஆற்றில் ஒரு லாரி கவிழ்ந்து, இன்ஷூரன்ஸ்காரர்கள் அதற்கு இரும்பு விலை கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். “நீ இன்ஷூரன்ஸ் ஆபீஸ்லதானலே இருக்கே? இந்த மனுஷன் மூணு வருஷம் ஒறங்காமக் கிடந்ததுக்கும் இரும்பு வெலதானா?” என்று என்னைக் கேட்டாள். நான் மணிமேடைக்கு அருகில் ஓர் ஏஜென்ஸி ஆபீசில் குமாஸ்தா. அக்காளிடம் வீறாப்பாக, “சரியான விலைக்கே எழுதித் தாறேன்” என்றேன்.

திருவனந்தபுரத்திலிருந்து இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், பானெட்டைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். “பணி கொள்ளாம். பக்ஷே வண்டி பழசாணு. எண்ணூறு ரூபா எழுதாம், அதுதன்னே கூடுதல்” என்றார் மலையாளத்தில்; வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் வண்டி பழசு, எண்ணூறே அதிகம் என்று அர்த்தம். அத்தான் கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். தொகையைப் பற்றி அவர் பேசவில்லை. “பழசுன்னு எதைச் சொல்லுகாரு மக்கா? இதுல பழசு எங்க இருக்கு?” என்று என்னிடம்தான் கேட்டார். போகும்போது இன்ஸ்பெக்டர் ஒரு வழி சொன்னார். வசதியும் நாணயமும் உள்ள ஒருவர் இந்த வண்டியை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தால், அந்தத் தொகைக்கே பாலிசி எழுதலாம். கடிதத்தில் ஆபீஸ் குமாஸ்தா சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். கடிதம் பொய்யென்று தெரிந்தால் பாலிசியும் போகும், குமாஸ்தாவும் போவான்.

எனக்கு உடனே குளச்சல் முதலாளியின் நினைவு வந்தது. கருவாடும் கயிறும் ஏற்றுமதி செய்கிறவர். சந்தைக்குப் போகும் வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்திப் பார்த்து, தடவிவிட்டுப் போனவர். “வெறும் காகிதம்தான் அத்தான்” என்று சொல்லி அத்தானை அழைத்துப் போனேன். முதலாளி மாடி அறையில் உட்காரவைத்து, விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார். “எழுதித் தாறேன் மேஸ்திரி. ஆனா வாங்காத சாமானத்துக்கு வெல எழுதி எனக்குப் பழக்கமில்ல. வாங்குகதா இருந்தாத்தான் எழுதுவேன்.” சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் போட்டு, மாட்டுச் சந்தையில் விரல் தொட்டு விலை பேச நீட்டுவதுபோல் நீட்டினார். அத்தான் மாடு வைத்திருந்த குடும்பம். நீட்டின துண்டுக்குள் கையைக் கொடுக்காமலிருப்பது பெரிய மரியாதைக்கேடு. என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முழங்கையை லேசாகத் தள்ளினேன்.

துண்டுக்குள் விரல்கள் பேசின. என் வாழ்நாளில் எண்ண முடியாமல் போன எண்ணிக்கை அது ஒன்றுதான். துணி நாலு முறை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. முதலாளி துண்டை எடுத்து உதறி, “நாலாயிரத்து இருநூறு” என்று காகிதத்தில் எழுதினார். வெற்றிலைமேல் ஒரு ரூபாயை வைத்து அத்தான் கையில் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு அச்சாரம் என்று பெயர். அதை வாங்கினால் விலை முடிந்தது. அத்தானுக்கு அது தெரியாதா? எனக்குத்தான் தெரியாதா? இரண்டு பேரும் எங்கள் அவசரத்தில், இது காகிதத்துக்காக என்று நினைத்துக்கொண்டோம். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பாலிசி வந்த அன்று அத்தான் அந்தத் தொகையின்மேல் விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்போல மெதுவாகப் படித்தார். அக்காள் அதை மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். பதினோராம் நாள் காலை முதலாளி ஒரு டிரைவரோடு வந்து இறங்கினார். பணம் பையில் இருந்தது.

அக்காள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் முதலாளிக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனிதர், அதை மறுக்க மாட்டேன். “மனசு இல்லேன்னா சொல்லும் மேஸ்திரி. அச்சாரத்தை நீட்டும், நான் எந்திரிச்சுப் போறேன்” என்றார். அந்த ஒரு ரூபாய் சாமி படத்துக்கு முன்னால்தான் இருந்தது. எட்டே எட்டு அடி. அத்தான் அந்தப் பக்கம் திரும்பினார், பிறகு என்னைப் பார்த்தார். ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் கடிதம் பொய். கடிதம் பொய்யென்றால் அதில் என் கையெழுத்து. அத்தான் முதலாளியிடம், “அது எப்பிடி முதலாளி? வெல முடிஞ்ச பெறவு, நம்ம தொழுவத்துல நின்னாலும் அது அடுத்தவன் மாடுல்லா” என்றார். அக்காள் உள்ளே போய்விட்டாள். நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். வேலை போனால் போகட்டும் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு அற்பக் காரியம் செய்தேன். அத்தான் பணத்தை வாங்கிக்கொண்டிருந்தபோது, பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஹேண்டிலை உருவிப் பட்டறைக்குப் பின்னால் உமிக் குவியலில் செருகிவிட்டேன். வண்டி கிளம்பாது, இன்றைக்கு மட்டுமாவது நிற்கும் என்று ஒரு கணக்கு. அத்தான் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஜாக்கி, ஸ்டெப்னி, ஸ்பானர்கள் ஆறு, சாவி இரண்டு. “ஹேண்டில் எங்க வோய்?” என்றான் டிரைவர். அத்தான் குனிந்து தேடினார். சீட்டைத் தூக்கினார், பட்டறைக்குள் போய் வந்தார். அவர் காது சிவந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “காணல்லியே முதலாளி. பத்து நாளைக்குள்ள செஞ்சு கொண்டுவந்து தாறேன்” என்றார். “அதனால என்ன மேஸ்திரி?” என்றார் முதலாளி. அத்தான் பின்னால் போய்த் தோள்கொடுத்து, தன் வண்டியைத் தானே இறக்கத்தில் தள்ளிவிட்டார். ஏழாவது எட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சொன்னபடியே உலையில் காய்ச்சி அடித்து ஒரு புது ஹேண்டில் செய்து, பஸ்ஸில் குளச்சலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். பழையதை உமியிலிருந்து எடுக்க எனக்குத் தைரியம் வந்தபோது அதைக் காட்டும் தைரியம் இல்லை. அத்தானின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவரே பேச்செடுத்தார். “புதுசு கொஞ்சம் லேசாத்தான் போச்சு மக்கா. முதலாளி ஒண்ணும் சொல்லல்ல. ஆனா பழசு எங்கதான் போயிருக்கும்?”

“தெரியல்லியே அத்தான்” என்றேன்.

போன வாரம் மகனின் காருக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க ஒரு பையன் வந்தான். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்தான். வண்டிக்கு ஒன்பது வருஷம் ஆகிறது, விலை இவ்வளவுதான் வரும் என்று சொல்லி முடிக்க ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. கை கழுவ என் அறைக்கு வந்தவன் கதவு இடிப்பதைப் பார்த்து, “பின்னாடி என்னமோ தடுக்குது தாத்தா, எடுத்துரட்டா?” என்றான். “வேண்டாம் தம்பி, ஒருக்களிச்சு வா” என்றேன். அறுபது வருஷத்துக்கு மேலாக நானும் அப்படித்தான் ஒருக்களித்துப் போய்வருகிறேன். சுவருக்கும் கதவுக்கும் நடுவே அதற்காக விட்டிருக்கும் இடம் நாலு விரல்.