இரண்டு வாய்க்காலில் ஒரே நத்தை

சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்களில் நத்தை எண்ணுவதுதான் எழில்மதியின் எம்.எஸ்சி. ஆய்வு. சேற்றில் இறங்கி, சதுரச் சட்டத்தை வைத்து அதற்குள் இருக்கும் நத்தைகளைப் படமெடுப்பாள். அவள் அப்பா கண்ணையன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி.

அவள் எழுதிய கட்டுரையைத் திருத்தித் தருவதாகப் படங்களோடு வாங்கிய சீனியர் ஜெயப்பிரகாஷ், அதைத் தன் பெயரில் வெளியிட்டான். அதைக் காட்டி ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தில் வேலைக்கும் போய்விட்டான்.

கேட்கப் போனவளிடம் நண்பர்கள் முன்னால் சிரித்தான். "காண்ட்ராக்ட்காரர் பொண்ணு சேத்துல எறங்குறதுல என்ன அதிசயம்? கட்டுரை கடைசியில ஒனக்கு நன்றின்னு போட்டிருக்கனே."

அந்தச் சிரிப்பு அவளைத் தூங்கவிடவில்லை. படத்திலுள்ள உயிர்களை எண்ணி அளக்கும் மென்பொருளைக் கற்றாள். அவன் வெளியிட்ட படங்களையெல்லாம் அதில் போட்டு அளந்தாள். தண்ணீரில் கால் வைக்காதவன், எங்காவது வழுக்குவான் என்று காத்திருந்தாள்.

வழுக்கினான். அந்த வாய்க்கால்களைப் பற்றி நிறுவனத்துக்காக அவன் எழுதிய அறிக்கையைச் சரிபார்க்கும்படி ஊர்க்காரர்கள் அவளிடம் கொடுத்தார்கள். மூன்றாம் வாய்க்கால் நத்தைகளும் ஐந்தாம் வாய்க்கால் நத்தைகளும் அளவில் இம்மி பிசகாமல் ஒத்துப்போயின. ஒரே படத்தை இடவலமாகத் திருப்பி, நிறத்தை மாற்றியிருந்தான்.

"தனியா கூப்ட்டு சொல்லிடும்மா. புள்ளகுட்டிக்காரன்" என்றார் கண்ணையன்.

"அன்னிக்கு அவன் என்னத் தனியா வச்சா சிரிச்சான்?"

அந்த அறிக்கையைப் பற்றி வடலூரில் நடந்த ஊர்மக்கள் கூட்டத்தில் ஜெயப்பிரகாஷ் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள். பிறகு இரண்டு படங்களையும் திரையில் அருகருகே போட்டாள்.

"இந்த ஓடு ஒடஞ்ச நத்தை ரெண்டு வாய்க்கால்லயும் இருக்குதுங்களே சார். நடந்துகினே வந்துடுச்சுங்களா?"

கூட்டமே சிரித்தது. அவன் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்தான். அந்த விரல்களை அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

அந்த வாரமே அவனுக்கு வேலை போயிற்று. பஸ் ஸ்டாண்டில் அவளைக் காத்திருந்து பிடித்தான்.

"ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமே, எழில்."

"சொல்லியிருந்தா படத்த மாத்தியிருப்பீங்க."

பண்ருட்டி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கீழே நின்று இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு இளகியதுபோலத் தன் மனசும் இளகுமா என்று கொஞ்சம் காத்துப் பார்த்தாள். இளகவில்லை. பசிதான் எடுத்தது.