வெள்ளைக்காரம்மா கேட்ட கேள்வி

தொண்ணூறுகளின் நடுவில் கே.கே. நகரில் ஒரு சட்டை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதும், வருகிற கடிதங்களை முதலாளிக்குப் படித்துச் சொல்வதும் என் வேலை. மயிலாப்பூரிலிருந்து பஸ் மாறிப் போவேன். கீழே துணி வெட்டும் மேஜைகள், மாடியில் தையல் மிஷின்கள், படிக்கட்டு திரும்பும் இடத்தில் பலகை தடுத்து எனக்கொரு அறை. ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் கடை வைத்திருந்த ஒரு பெரிய நிறுவனத்துக்குத்தான் நாங்கள் தைத்த சட்டையெல்லாம் போயிற்று.

மாடியில் நாற்பது பெண்களாவது இருப்பார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை. சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மரக்கட்டை தொங்கும். அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். போனவள் திரும்பி வந்து கட்டையை மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். கொஞ்சம் தாமதமானால் எல்லோர் காதிலும் விழும்படி சூப்பர்வைசர் ஏதாவது சொல்வார். அதற்குப் பயந்தே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பக்கத்திலேயே இருந்த முதலாளி வீட்டுக்கு நான் போய் வரலாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் காலர் தைக்கிற ஒரு பெண். நொச்சிக்குப்பத்திலிருந்து வருவாள். அவளுடைய அம்மா கடற்கரைச் சாலையில் மீன் விற்பவர். கையில் மீன் வாடை இல்லாமல் வேலைக்குப் போகிறவள் தங்கள் வீட்டிலேயே தான் ஒருத்திதான் என்று பெருமையாகச் சொல்வாள். ஒருநாள் காய்ச்சலோடு லீவு கேட்க என் அறைக்கு வந்தாள். நீர்க்கடுப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நெறய தண்ணி குடின்றாரு கா. குடிச்சிட்டு எங்க போறதாம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

நான் முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தீபாவளிக்கு எல்லோருக்கும் புடவை எடுத்துக் கொடுப்பார். தையல்காரப் பெண்களின் கல்யாணத்துக்கு மனைவியோடு வந்து கடைசிப் பந்திவரை இருப்பார். கழிப்பறைப் பேச்சை எடுத்தால் மட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்.

அப்போது ஐரோப்பாவில், இந்தச் சட்டைகளை யார், எப்படிப்பட்ட இடத்தில் தைக்கிறார்கள் என்று பத்திரிகைகள் கேட்க ஆரம்பித்திருந்தன. கடை வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்களாம். உடனே அந்த நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு ஒரு கட்டு விதிமுறைகள் வந்தன. குடிதண்ணீர், கழிப்பறை, காற்றோட்டம், மரியாதை என்று எல்லாமே அதில் இருந்தன. கூடவே இன்னொரு கடிதமும் வந்தது. வருகிற பருவத்திலிருந்து சட்டையின் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றது அது. நான் இரண்டையும் படித்துச் சொன்னேன். முதலாளி இரண்டாவதைத்தான் திரும்பப் படிக்கச் சொன்னார்.

நேரில் பார்க்க அங்கிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வரப்போகிறார் என்று தெரிந்ததும் வேலை மும்முரமாக நடந்தது. கொல்லையில் டைல்ஸ் பதித்து இரண்டு கழிப்பறைகள் எழும்பின. அழுக்குப் பட்டுவிடும் என்று அவற்றைப் பூட்டி வைத்தார்கள். சிவப்பு வாளிகளில் மணல் வந்தது. புது டிரம்மில் தண்ணீர் வந்தது. மரக்கட்டை ஆணியோடு காணாமல் போயிற்று. எது கேட்டாலும் சிரித்துக்கொண்டு 'குட்' சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் பெண்களுக்குப் பாடம் நடத்தினார்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பருத்திச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம் சொன்னார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துப் படமும் எடுத்துக்கொண்டு, பெண்களோடு தனியாகப் பேச வேண்டும், மொழிபெயர்க்க நான் மட்டும் கூட இருந்தால் போதும் என்றார். முதலாளி தயங்கவில்லை. "நீதான் இருக்கியேம்மா, பாத்துக்கோ" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

பட்டன் பெட்டிகள் அடுக்கியிருந்த சின்ன அறையில் சில பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கேட்டதற்கெல்லாம் 'குட்' சொன்னார்கள். கடைசியில் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இங்கே ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். காலர் தைக்கிறவள் என்னைப் பார்த்தாள்.

"நெஜமா கேக்குதா கா, இல்ல சும்மா கேக்குதா?"

"எனக்குத் தெரியலம்மா. ஆனா கேக்கறாங்க."

அவள் சொன்னாள். மரக்கட்டையைப் பற்றி, தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பற்றி, சூப்பர்வைசரின் வாயைப் பற்றி, கொல்லையில் பூட்டிக் கிடக்கும் புதுக் கதவுகளைப் பற்றி. சத்தம் போடாமல், யாரையும் திட்டாமல் சொன்னாள். நானும் ஒரு சொல்லையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாவின் கண்கள் கலங்கின. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், இதனால் உங்கள் யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

சாயங்காலம் அவரை ஓட்டலில் விடக் காரில் கூடப் போனேன். தி.நகர் நெரிசலில் கார் நின்றது. இனி என்ன நடக்கும் என்று கேட்டேன். தான் பார்த்ததை எழுதிக் கொடுப்பதோடு தன் வேலை முடிகிறது, முடிவு எடுப்பவர்கள் வேறு என்றார். அதைப் பட்டன் அறையில் அவர் சொல்லவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஆர்டர் நின்றது. தங்கள் தரத்துக்குப் பொருந்தாத இடங்களோடு வியாபாரம் செய்வதில்லை என்று மரியாதையாகத் தெரிவித்திருந்தார்கள். சரிசெய்ய அவகாசம் கொடுக்கவில்லை. ஆர்டர் போனால் இந்தப் பெண்கள் என்ன ஆவார்கள் என்று கேட்கவும் இல்லை. கை கழுவுவது அவ்வளவு சுத்தமாக நடந்தது.

முதலாளி எல்லோரையும் மாடியில் கூட்டினார். நான் படிக்கட்டில் நின்றேன். யார் பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

"கேட்டீங்க, கக்கூஸ் கட்டியாச்சு. இனிமே எவ்வளவு நேரம் வேணும்னாலும் போங்க. வேலைதான் இல்ல."

இறங்கி வரும்போது, கைம்பெண்ணான ஒரு தையல்காரி காலர் தைக்கிறவளை வழிமறித்தாள். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவள். "ஒனக்கு அடக்க முடியலன்னு எங்க அடுப்ப அணைச்சிட்டியேடி" என்றாள். இவள் தலையைக் குனியவில்லை. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "மொழிபெயர்க்கறவ கொஞ்சம் கூட்டிக் கொறச்சுச் சொல்லப்படாதோ? எல்லாத்தையும் அப்படியே ஒப்பிச்சுண்டு வரணுமா?" அதே கேள்வியைப் பிறகு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

அந்த அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். வேலை போன பெண்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருந்தேன். வெகுநாள் கழித்துப் பதில் வந்தது. என் நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார். தன் நிறுவனம் அச்சிட்ட பளபளப்பான புத்தகம் ஒன்றையும் கூட அனுப்பியிருந்தார். உள்ளே எங்கள் மாடியின் படம். நடுவில் காலர் தைக்கிறவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் உடைகளைத் தைப்பவர்களின் குரலுக்கு நாங்கள் செவிசாய்க்கிறோம் என்று கீழே போட்டிருந்தது.

எனக்கு அடையாறில் ஒரு டியூட்டோரியலில் வேலை கிடைத்தது. துணி வெட்டுகிற பழைய ஆள் ஒருவரை மாம்பலம் ஸ்டேஷனில் ஒருநாள் பார்த்தேன். முதலாளி ஊருக்கு வெளியே மனைவி பெயரில் புதிய இடம் ஆரம்பித்திருக்கிறார் என்றார். பம்பாய் ஏஜென்ட் ஒருவர் மூலம் அதே ஐரோப்பியக் கடைக்குத்தான் சட்டை போகிறதாம். துணியும் அதே, அளவும் அதே. பெண்கள் மட்டும் வேறு, சம்பளமும் முன்பைவிடக் குறைவு. ஏஜென்ட் நடுவில் இருப்பதால் யாரும் வந்து பார்ப்பதில்லை என்று, ஏதோ நல்ல செய்தி சொல்கிறவரைப் போலச் சொன்னார். அவருக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு நொச்சிக்குப்பம் போனேன். காலர் தைத்தவள் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் சாலையோரமாக உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாளாம். எந்த இடத்தில் வேலை செய்தாள் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீறேன். இன்னா கா எழுதிக்கீது?"

படித்துச் சொன்னேன்.

"ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னியே கா."

"அவங்க சொன்னதைத்தான் நான் சொன்னேன்."

"தெரியும். ஆனா எனுக்குக் கேட்டது ஒன் கொரல்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புத்தகத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாள். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் மீன் விலை கேட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். எங்கள் வீட்டில் மீன் சாப்பிடுகிற வழக்கமில்லை. வாங்க எதுவும் இல்லாமல், மற்றவர்கள் வாங்குவதற்கு இடைஞ்சலாகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் அம்மாதான் நிமிர்ந்து பார்த்து, வெயிலில் நிற்காதே, பஸ் வருகிறது என்று கையைக் காட்டினார்.