முதல் குரலுக்குப் பதில்

நாகலூரில் நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்தை, கூலி ஆட்களுக்குக் கட்டிய அந்த வரிசை வீடுகளை, வாங்கிய சேலத்துக்காரர், முதல் வேலையாக முன்னறைச் சுவரில் ஒரு பெரிய படத்தை மாட்டினார். ஏதோ வெளிநாட்டு மலைக் கிராமம். மர வீடுகள், கூரையெல்லாம் பனி, சரிவில் காலில் கட்டையை மாட்டிக்கொண்டு சறுக்குகிற ஜனங்கள். "ஏனுங்க்கா, அங்க பனியில சறுக்கறதுக்கு வர்றாங்க. இங்க பனியைப் பாக்கறதுக்கே வருவாங்க பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒழுகுகிற ஓட்டையும் கரி படிந்த சுவரையும் பார்க்க எவன் வருவான்? வந்தார்களே, கார் காராக வந்தார்கள்! நானும் என் வீட்டுக்காரரும் குடித்தனம் செய்த அறையில் இப்போது மெத்தைக் கட்டில். சமையலுக்கு நான்.

அவர்கள் கொண்டாடுகிற அந்தப் பனி எனக்கு ஆகாது.

லயத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பனி இறங்கிவிட்டால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. காப்பித் தோட்டத்திலிருந்து திரும்புகிறவர்கள் "ஓவ்" என்று குரல் கொடுப்பார்கள். வீட்டிலிருப்பவர்கள் பதிலுக்குக் குரல் கொடுக்க, அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வார்கள். ஆனால் முதல் குரலுக்கு வாய் திறக்கக் கூடாது. காத்து கருப்பு ஒரு தரம்தான் கூப்பிடும், மனுஷன் என்றால் மறுபடியும் கூப்பிடுவான் என்பார்கள்.

காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் ஒரு சாயங்காலம், பக்கத்து ஊரான தலைச்சோலைக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் வரவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அவர் குரல்தான். நான் எழுந்தேன். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு கண்ணு, இன்னொருக்கா கூப்பிடட்டும்." பெற்றவளே சொல்லும்போது நான் என்ன செய்வேன்? நின்றேன். இன்னொரு குரல் வரவே இல்லை. பனி விலகியதும் ஊரே தேடியது. ஆளும் இல்லை, அவர் போட்டிருந்த துண்டும் இல்லை. மாமியார் சாகிறவரைக்கும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பாவம், அவரை என்ன சொல்ல?

அன்றிலிருந்து நான் முதல் குரலுக்கே பதில் கொடுத்துவிடுவேன். இங்கே தங்க வருகிறவர்கள் பனியைக் கண்டால் சும்மா இருக்கிறார்களா? பள்ளத்தைப் பார்த்துக் கூவுகிறார்கள். தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடி நான் "ஓவ்" என்பேன். எதிரொலி என்று நினைத்துக் கைதட்டுவார்கள். முதலாளி திட்டுவார் என்று பார்த்தால், "நொம்ப நல்லா இருக்குதுங்க்கா, நிறுத்திராதீங்க" என்றார். அடக் கொடுமையே!

ஒருநாள் காலை, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண், பதில் குரல் என்னுடையது என்று கண்டுபிடித்துச் சமையலறைக்கே வந்துவிட்டாள். "எப்பவும் நாங்கதானே கூப்பிடுறோம்? இன்னைக்கு நீங்க கூப்பிடுங்கம்மா, நாங்க பதில் சொல்றோம்" என்று கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். நல்ல பிள்ளைதான். வெளியே ஒரே வெள்ளை. அவளோடு வந்தவர்கள் கீழே பாதையில் எங்கேயோ காத்திருந்தார்கள்.

இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறையும் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

"தொண்டை கட்டிருக்குது சாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, அடுப்பருகில் உட்கார்ந்து அழுதேன். நான் கூப்பிட்டு, இவர்கள் குரல் மட்டும் திரும்பி வந்தால், அப்புறம் யாருக்காக நான் காத்திருப்பது?