எங்கள் வீட்டுப் பூனைக்குப் பூச்சியே கிடையாது

பூனை குளிப்பாட்டும் தொழிலில் பூனைகூட ஒரு வழியாக அடங்கிவிடும். அதை வளர்க்கிறவர்களிடமிருந்து உண்மையை வாங்குவதற்குள்தான் நமக்கு மூச்சு முட்டிவிடும்.

என் பெயர் செல்வி. லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் நூர்தீன் பாய் நடத்தும் பூனைக் கடையில் வேலை. தீனி, மணல், கூண்டு எல்லாம் விற்போம். கூப்பிட்டால் வீட்டுக்கே போய்ப் பூனையைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, பூச்சி எடுத்துவிட்டு வருவோம். வருவோம் என்றால் நான் மட்டும்தான். பாய் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். இதற்கு முன்னால் அதே தெருவில் பெண்களுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். அவர்களும் கத்துவார்கள், ஆனால் கடிக்க மாட்டார்கள். வீட்டில் பூனை வைத்துக்கொண்டு, கணுக்காலைச் சொறிந்தபடி இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வெட்கப்பட வேண்டாம், நாமெல்லாம் ஒரே கூட்டம்.

லிஃப்டில் ஏறியது

தெள்ளுப்பூச்சி என்ற வார்த்தையை வாசலிலேயே சொன்னால் கதவு சாத்தப்படும். அதனால் "கொஞ்சம் சொறியுதா?" என்றுதான் ஆரம்பிப்பேன். தெம்பனிஸில் பிரியா என்று ஒரு பெண். பேங்க் வேலை, வெள்ளை சோபா, வெள்ளைத் திரை, சாம்பல் நிறத்தில் கொழுகொழுவென்று ஒரு பூனை. நான் போனதிலிருந்து அது பின்னங்காலால் காதைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. "ஸ்ட்ரெஸ்தான் அக்கா. நான் ஆபீஸ் போயிட்டா அதுக்கு லோன்லியா ஃபீல் ஆகுது" என்றாள் பிரியா.

சீப்பை எடுத்து வால் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தேன். மிளகுத் தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தது. அதை ஈர டிஷ்யூவில் வைத்தால் சிவப்பாகக் கரையும். பூச்சி குடித்துவிட்டுக் கழித்த ரத்தம் அது. அதைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பூச்சி அவளுடைய வெள்ளைச் சட்டைக் கையில் ஏறி, சாவகாசமாக நடந்து, ஒரே தாவலில் காணாமல் போனது. பிரியா அது போன இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது நம்ம வீட்டுது இல்ல லா, அக்கா. லிஃப்ட்ல யார்கிட்டேர்ந்தோ ஏறியிருக்கும்."

விருந்தாளி

அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்ததிலிருந்து எனக்குப் புதிதாக ஒரு தொல்லை. வீட்டுக்கு இரண்டு பூனைதான் என்பது விதி. நான் போட்டுக்கொண்டு போவதோ பாய் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் பெரிய பை. கதவைத் திறக்கிறவர்களுக்கு நான் சோதனை போட வந்த ஆபீஸர் மாதிரி தெரிகிறேன். சட்டையை மாற்றலாம் என்று பாயிடம் கேட்டுப் பார்த்தேன். "துணி மிச்சம் இருக்கு, முடியட்டும்" என்றுவிட்டார்.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மடியில் ஒரு பூனை, ஜன்னலில் ஒரு பூனை, பிரிட்ஜ் மேல் ஒரு பூனை என்று உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றுமே கேட்கவில்லை. சும்மா பிரிட்ஜ் பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "அது எங்க பூனை இல்லம்மா. விருந்துக்கு வந்திருக்கு, சாப்பிட்டுட்டுப் போயிடும்."

செம்பவாங் உத்தரவு

இனி என்னை ஆட்டிவைத்த வீட்டுக்கு வருகிறேன். செம்பவாங்கில் தியாகு அங்கிள், கமலா ஆன்ட்டி. அங்கிள் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு பூனைகள். கறுப்பின் பெயர் கடுகு, ஆரஞ்சின் பெயர் மிளகாய். அவர் பேப்பர் படித்தால் அவையும் பேப்பர் மேல் உட்காரும். அந்த ஹாலில் நான் நின்ற சற்று நேரத்துக்குள் காலில் ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தது. இத்தனை பூச்சியை நான் ஒரே வீட்டில் பார்த்ததே இல்லை.

அவர்கள் மகள் நித்யா நிறைமாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம், பிள்ளையைப் பெற்று நேராகத் தாய் வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். ஆன்ட்டி தொட்டிலைக்கூட வாங்கி வைத்துவிட்டார். "பேரப்பிள்ளை இந்த வீட்டுக்குள்ள கால் வெக்கறதுக்கு முந்தி பூச்சி போகணும். இல்லன்னா இவரோட பூனைங்க போகணும். யாருக்காவது குடுத்துடுவேன்" என்றார், அங்கிள் முகத்தைப் பார்க்காமல். நான் கிளம்பும்போது அங்கிள் வழியனுப்புகிற சாக்கில் லிஃப்ட் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காலையில எழுந்தா என்கிட்ட பேசறது இதுங்க ரெண்டும்தான், செல்வி. எப்படியாச்சும் காப்பாத்திக் குடும்மா."

நலங்கு

முறைப்படி எல்லாம் செய்தேன். குளிப்பாட்டினேன், சீப்புப் போட்டேன், பூனை டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டேன். படுக்கை விரிப்பு, மெத்தை உறை, கால்மிதி எல்லாவற்றையும் வெந்நீரில் துவைக்கச் சொன்னேன். பூச்சி இருப்பது பூனை மேல் கொஞ்சம், முட்டையும் குஞ்சுமாக வீட்டுத் தரையில் மிச்சம். அதனால் மூலை முடுக்கெல்லாம் தூசி உறிஞ்ச வேண்டும். "முக்கியமா, வீட்டுல இருக்கிற எல்லாப் பூனைக்கும் ஒரே நாள்ல மருந்து விடணும். ஒண்ணு விட்டுப்போனாலும் வீண்" என்றேன். ஆன்ட்டி தலையாட்டினார். "ரெண்டுக்கும் விட்டாச்சே" என்றார். விட்டும் பூச்சி திரும்பி வந்தது.

அங்கிளுக்குப் பொறுக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து இரண்டின் மேலும் அப்பி, அப்படியே கூண்டில் போட்டு டாக்சியில் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். மிளகாய்க்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடுகுதான் பாவம், பாசி பிடித்த மாதிரி பச்சையும் மஞ்சளுமாக உட்கார்ந்து எங்களை முறைத்தது. இதையெல்லாம் பூனை நக்கினால் அதன் வயிறு என்ன ஆகும் என்று அங்கிளை ஒரு பிடி பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "பூச்சி எடுக்கத்தானே சொன்னோம் தங்கச்சி? இவரு நலங்கு வெச்சுல்ல அனுப்பியிருக்காரு. மாப்பிள்ளை யாரு, கறுப்பா ஆரஞ்சா?"

வாளி

மறுபடி செம்பவாங் போனபோது வாசலிலேயே புகை. ஆன்ட்டி தன் பங்குக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். கடுகையும் மிளகாயையும் நான் வெளியே தூக்கிக்கொண்டுபோய்க் கூண்டில் வைத்துவிட்டு வந்தேன்; மனுஷருக்கே கண் எரிந்தது, பூனை என்ன செய்யும்? அறை அறையாகப் போன ஆன்ட்டி, சமையலறை பக்கத்து பாம்ப் ஷெல்டரை மட்டும் தாண்டிப் போனார். நம் வீடுகளில் போருக்காகக் கட்டிய அந்தக் குட்டி அறையில் நாம் அரிசியும் பழைய சூட்கேஸும்தானே வைத்திருக்கிறோம்? "அதுக்குள்ள போட்டா அரிசியில வாசம் ஏறிடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்போது கூரையில் இருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்தது. அங்கிள் விசிறியால் விசிற, அது இன்னும் கத்தியது. எதிர்வீட்டுச் சீனத் தாத்தா பனியனோடு ஓடி வந்தார், கையில் தளும்பத் தளும்ப ஒரு வாளி. வாசலில் நின்று, தூபக்காலோடு நிற்கும் ஆன்ட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். "நெருப்பா, பிரார்த்தனையா? சீக்கிரம் சொல்லுங்க, வாளி கனக்குது."

என் வீட்டுக்காரர் கருத்து

இத்தனைக்கும் பூச்சி செத்தபாடில்லை. நித்யாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, ஆன்ட்டி பூனைகளுக்கு ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கடுகும் மிளகாயும் வேறு வேறு வீட்டுக்குப் போகப்போகின்றன என்று அங்கிள் ஃபோனில் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போதாக்குறைக்கு என் கால்சட்டை மடிப்பில் இரண்டு மூன்று செம்பவாங் பூச்சிகள் குடியேறி, எம்.ஆர்.டி. ரயிலில் கூடவே வந்து, எங்கள் வீட்டில் இறங்கிவிட்டன. எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. அவற்றுக்கு வேறு வழி? என் கணவர் சோபாவில் கால் மேல் கால் போட்டுச் சொறிந்தபடி நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புருவம் திருத்துன காலத்துல நீ வீட்டுக்கு முடிதான் கொண்டுவந்தே, செல்வி. அது கடிக்கல."

வெள்ளை முடி

நித்யாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று போனேன். கடுகு சுத்தம். மிளகாய் சுத்தம். ஆனால் தரையில் பூச்சி துள்ளுகிறது! ஒன்றும் புரியாமல் சமையலறை பக்கத்துக் கால்மிதியைச் சீப்பால் வாரினேன். இரண்டு பூச்சியும் ஒரு கொத்து முடியும் வந்தது. முடி வெள்ளை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பால் மாதிரி வெள்ளை. கறுப்புப் பூனையையும் ஆரஞ்சுப் பூனையையும் பார்த்தேன். ஆன்ட்டி தலையைப் பார்த்தேன். நன்றாக டை அடித்திருந்தார். அங்கிள் தலையில் வெள்ளை முடி இருந்தது, ஆனால் அவர் கால்மிதியில் படுத்துப் புரள்கிறவர் இல்லை.

"இது யாரோடது?" என்றேன். அங்கிள் கூரையைப் பார்த்தார். ஆன்ட்டி போய் ஷெல்டரின் இரும்புக் கதவை மெதுவாகத் திறந்தார். உள்ளே அரிசி மூட்டை மேல், தலையணை போட்டு, வெள்ளை வெளேரென்று ஒரு தடியன் படுத்திருந்தான். பெயர் தயிர். கீழ்த்தளத்தில் திரிந்தவனை, அனுமதி வருவதற்கு முன்பே ஆன்ட்டிதான் தூக்கி வந்து வளர்க்கிறாராம். சாயங்காலமானால் இன்றும் கீழே போய்ப் பழைய நண்பர்களைப் பார்த்துவிட்டு வருவானாம். வருகிறவன் வெறுங்கையோடா வருவான்? நான் மணியடித்ததும் ஒவ்வொரு முறையும் அவனை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், நான் எங்கேயாவது சொல்லிவிடுவேன் என்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எல்லாப் பூனைக்கும்னு எத்தனை தடவை சொன்னேன் ஆன்ட்டி!" என்று கத்திவிட்டேன். ஆன்ட்டி அந்தத் தடியனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "நீங்க பூனைக்குன்னுதானே சொன்னீங்க, செல்வி? இவன நான் பூனைக் கணக்குல வெச்சதே இல்லையே."

பழி

அங்கேயே நின்று பாய்க்கு ஃபோன் போட்டேன். அவர் சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும். முன்னாலிருந்தே இரண்டுக்கு மேல் வளர்த்தவர்கள் எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்திருக்கிறார்களே, இதை ஒளித்துவைப்பானேன் என்றார். நான் அதைச் சொன்னதும் ஆன்ட்டி அப்படியே ஷெல்டரில் இருந்த சூட்கேஸ் மேல் உட்கார்ந்துவிட்டார். தயிரையும் டாக்டரிடம் காட்டி, மூன்றுக்கும் ஒரே நாளில் மருந்து விட்டோம். தயிரின் மாலை உலா நிறுத்தப்பட்டது. அவன் கதவருகே உட்கார்ந்து கத்தியதைச் சொல்லி மாளாது. வீடு முழுக்கத் துவைத்து, உறிஞ்சி, துடைத்து எடுத்தோம், ஷெல்டரையும் சேர்த்துத்தான். நித்யா குழந்தையோடு கொஞ்ச நாள் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். அதற்குள் நான் வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு அந்த ஹாலைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தேன். ஒன்றுகூட ஏறவில்லை.

குழந்தையைப் பார்க்கப் போனபோது சாதாரணச் சேலைதான் கட்டிக்கொண்டு போனேன். தொட்டில் இருந்த அறைக் கதவு சாத்தியிருந்தது, வெளியே மூன்று பூனைகளும் வரிசையாக உட்கார்ந்து காவல் காத்தன. ஆன்ட்டி எனக்குக் கேசரி வைத்தார். தயிருக்குப் புது மீன் வைத்தார். கடுகுக்கும் மிளகாய்க்கும் அதே பழைய தீனிதான். அங்கிள் இரண்டையும் மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு, ஆன்ட்டிக்குக் கேட்கும்படியாகவே என்னிடம் சொன்னார். "பூச்சியக் கொண்டாந்தது இவ பிள்ளை. வீட்ட விட்டுப் போகச் சொன்னது என் பிள்ளைங்கள. முப்பது வருஷமா இந்த வீட்டுல இப்படித்தாம்மா நியாயம்."

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், பூனையைத் தொடுவதற்கு முன்னால் ஷெல்டரில் இருக்கும் அரிசி மூட்டையைத்தான் நலம் விசாரிக்கிறேன்.